எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்

கிளாவரை என்ற மலைக்கிராமத்து நல்லசாமிக்குப் பூண்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. மனைவி அன்னக்கொடியைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை என்பது, மகள் தமிழ்மதியின் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்கே தெரியவந்தது. வத்தலக்குண்டில் கல்யாணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பிய அன்றைக்கு வாயை மூடியவள்தான். அதற்குப் பின் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், தோட்டத்தில் அவர் பக்கத்துப் பாத்தியிலேயே குனிந்து களை எடுத்தாள். சொல்ல வேண்டியதை நாயிடம் சொன்னாள்.

"மணி, வெந்நி போட்டு வெச்சிருக்கு. குளிக்கிறவங்க குளிக்கலாம்" என்பாள். குளியல் என்ற பேச்சு காதில் விழுந்ததும் அந்த ஜீவன் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். நல்லசாமி போய்க் குளித்துவிட்டு வருவார்.

என்ன கோபம் என்று அவர் கேட்காமல் இல்லை. நேரே கேட்டார், சுற்றி வளைத்துக் கேட்டார், கடைசியில் வெட்கத்தை விட்டு நாயின் வழியாகவும் கேட்டார். "மணி, தெரியாத மாதிரி நடிக்கிறவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான நாள் முதல் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருந்தவள். அந்தப் பேச்சு நின்றதும்தான், தான் அதைக் கேட்டுக்கொண்டே பிழைத்து வந்திருக்கிறோம் என்று அந்த மனிதருக்கு உறைத்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கிளாவரை பஸ்ஸின் கண்டக்டர் ராஜமுருகன்தான் யோசனை சொன்னார். கொடைக்கானலில் மூடுபனி என்று ஓர் இடம் இருக்கிறதாம். மனசில் கிடப்பதைக் கொட்டிவிட்டு வந்துவிடலாமாம். ஈ காக்காய்க்குத் தெரியாதாம். பஸ் முழுக்கக் கேட்கும்படி ராஜமுருகன் இதைச் சொன்னதால், அன்றைக்குப் பயணம் செய்த எல்லோருக்கும் நல்லசாமி எங்கே போகிறார் என்று தெரிந்துபோனது. அவர்கள் அக்கறையோடு, வெரசா போய் வாங்க என்று வழியனுப்பினார்கள்.

மூடுபனி மனநல ஆலோசனை மையத்தைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. வருகிறவர்களின் இரகசியத்தைக் காப்பதற்காகப் பெயர்ப்பலகையைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். அதனால் பலபேர் வழி தெரியாமல் திரும்பிப் போகவே, பக்கத்தில் இன்னொரு பலகை வைத்தார்கள். 'தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் பலகைதான் மூடுபனியின் பலகை' என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது.

வாசலில் நின்றவர் பொன்னுவேல். மையத்தின் இரகசியக் காப்பு அலுவலர். அதற்கு முன்பு பஸ் ஸ்டாண்டில் நின்று, "ஏரி, தூண்பாறை, கோக்கர்ஸ் வாக்" என்று கூவி டூரிஸ்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவர். ஊரில் அவருக்குத் தெரியாத முகமே இல்லை. தெரிந்த முகங்கள் உள்ளே ஒன்றையொன்று சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்ள, எல்லா முகத்தையும் தெரிந்தவர்தானே வேண்டும். அந்த வகையில் அவரை வேலைக்கு எடுத்ததில் குற்றம் சொல்ல முடியாது. குரலைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

"வாங்கண்ணே, கிளாவரைதான? பயப்படாதீங்க, நீங்க யாருன்னு யாருக்கும் தெரியாது" என்று அவர் சொன்னது ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் ஒரு குரங்குக் குல்லா கொடுத்தார்கள். முகம் தெரியும் ஓட்டை பின்னந்தலைக்கு வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போட்டவர்கள் யாரும் யாரையும் பார்க்க முடியாது. சுவரையும் பார்க்க முடியாது. காத்திருக்கும் அறையில் அவ்வப்போது தலையும் தலையும் மோதும் சத்தமும், "மன்னிக்கணும், நீங்க யாருன்னு சொல்லிராதீங்க" என்ற குரலும் கேட்டுக்கொண்டிருந்தன.

பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு காய்கறி. நல்லசாமிக்குப் பட்டர் பீன்ஸ் வந்தது. தனக்குப் பூண்டு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மைய இயக்குநர் சுவாமிநாதனே எழுந்து வந்து விளக்கம் கொடுத்தார்.

"பூண்டு போடுகிறவருக்குப் பூண்டு என்று பெயர் வைத்தால் இரகசியம் என்ன ஆவது ஐயா? மனசைக் குணப்படுத்துவது பெரிய விஷயம் இல்லை. அதை எவனும் செய்வான். அதனால்தான் நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நாங்கள் காப்பாற்றுவது இரகசியத்தை."

நல்லசாமி தலையை ஆட்டினார். குல்லாவுக்குள் ஆட்டியதால் அது யாருக்கும் தெரியவில்லை.

ஆலோசகர் சுபஸ்ரீ நல்ல பெண். படித்துவிட்டு வந்த புதிது. மனிதர்களின் கஷ்டத்தைத் தீர்க்கலாம் என்று நம்பி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். குல்லாவைக் கழற்றச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். வீட்டுக்காரி நாயிடம்தான் பேசுகிறாள் என்று நல்லசாமி சொன்னதும் அவளுக்கு விக்கல் எடுத்தது.

விக்கலுக்குக் காரணம் உண்டு. மூட்டுவலிக்கு வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு அன்னக்கொடியும் கொஞ்ச நாளாக அங்கேதான் வந்துகொண்டிருந்தாள். முந்தின வாரம் அதே அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுவிட்டுப் போயிருந்தாள். மையத்தில் அவள் பெயர் சௌசௌ. நல்லசாமிக்கு இது தெரியாது. நமக்குத் தெரியலாம், நாம் உறுதிமொழி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் பேச மாட்டேங்கிறான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்மா. கால்ல விழணும்னாலும் விழுந்துருவேன். எதுக்கு விழுறோம்னு தெரியணும்ல?" என்றார் நல்லசாமி.

சுபஸ்ரீ எழுந்தாள். அறையில் சிவப்பு நாற்காலி ஒன்று, நீல நாற்காலி ஒன்று இருந்தன. சிவப்பிலிருந்து எழுந்து போய் நீலத்தில் உட்கார்ந்தாள். ஒரே விவகாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே ஆலோசகரிடம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மையத்தில் தெளிவான விதி இருந்தது. முதலில் வந்தவர் சொன்னது சிவப்பு நாற்காலிக்குத் தெரியும், பின்னால் வந்தவர் சொன்னது நீல நாற்காலிக்குத் தெரியும். நாற்காலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கூடாது.

"இந்த நாற்காலிக்கு எதுவுமே தெரியாதுங்கய்யா" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

அந்தச் சிவப்பு நாற்காலியைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று நல்லசாமி மரியாதையாகக் கேட்டார். முடியாது என்றாள். அவருக்கு நாற்காலியின் மேல் கோபம் வரவில்லை. பெரிய இடத்து நாற்காலி, அதற்கென்று ஒரு கட்டுப்பாடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் பொன்னுவேல் பஜாரில் நின்று இயக்குநருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். சௌசௌவும் பட்டர் பீன்ஸும் புருஷன் பெண்டாட்டி என்பதை அவர்தானே கண்டுபிடிக்க முடியும். பட்டர் பீன்ஸிடம் எதையெல்லாம் வாய்விடக் கூடாது என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காக, கதவோரம் காவல் நின்று கேட்டிருந்த சௌசௌவின் பேச்சு முழுவதையும் போனில் ஒப்பித்தார். தூண்பாறைக்குக் கூப்பிட்டுப் பழகிய அதே குரல். கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஸ்வெட்டர் கடை இப்ராம்சா வாடிக்கையாளரைக் கையமர்த்திவிட்டுக் கேட்டார். டூரிஸ்ட் பஸ் ஒன்றின் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

இன்னொரு நிறுவனமாக இருந்தால் பொன்னுவேலைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கும். சுவாமிநாதன் அப்படிப்பட்டவர் இல்லை. இரகசியம் கசிந்தால் அதற்கு ஒரே மருந்து, யாரிடம் கசிந்ததோ அவர்களையும் இரகசியத்துக்குள் கொண்டுவந்துவிடுவதுதான் என்று அறிவித்தார். கேட்டவர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, பூம்பாறை குழந்தை வேலப்பர் மேல் சத்தியம் வாங்கினார். இப்ராம்சா மாதிரி ஆட்களிடம் வாக்கு வாங்கினார். ஆளுக்கொரு பேட்ஜ் குத்திவிட்டார். வட்டமான பச்சை பேட்ஜ். அதில், 'எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தது.

ஊர்க்காரர்களுக்கு அந்த பேட்ஜ் பிடித்துப்போனது. அதைக் குத்திக்கொண்டு நடக்கிறவனை நாலுபேர் நின்று பார்த்தார்கள். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எங்களுக்கு ஏன் பேட்ஜ் இல்லை என்று பக்கத்து ஊர் வில்பட்டிக்காரர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். விஷயம் தெரியாதவர்களுக்கு பேட்ஜ் தர முடியாது என்றார் பொன்னுவேல். அப்படியானால் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. மூடுபனி உடனே இரகசியக் காப்புப் பயிற்சி முகாம் என்று ஒன்றைத் தொடங்கியது. எதைக் காக்கிறோம் என்று தெரியாமல் எப்படிக் காப்பது? ஆகவே முதல் வகுப்பில் இரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பில் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வகுப்புக்கு இடம் போதாமல் ஷாமியானா போட வேண்டியிருந்தது.

பூண்டு விற்க வந்த நல்லசாமி பஜாரில் பச்சைப் பச்சையாக பேட்ஜ்களைப் பார்த்தார். இப்ராம்சா அவருக்கு நெடுநாள் சிநேகிதர், கொடைக்கானல் வந்தால் அவர் கடையில் டீ குடிக்காமல் போனதில்லை. அவர் சட்டையிலும் ஒன்று இருந்தது. எந்த இரகசியம் என்று கேட்டார்.

இப்ராம்சா டீயைக் கீழே வைத்தார். "உங்க வீட்டு விசயந்தாண்ணே. அதுக்கு மேல கேக்காதீங்க, வாக்குக் குடுத்துட்டேன். எனக்கே தூக்கம் வரல."

"என் வீட்டு விசயம் எனக்குத் தெரியாம உமக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமாண்ணே" என்றார் இப்ராம்சா, தெருவைக் கையால் காட்டி. தெரு பார்வையைத் திருப்பிக்கொண்டது.

நல்லசாமி ஓட்டமும் நடையுமாக மூடுபனிக்குப் போய், தன்னையும் பயிற்சி முகாமில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். சுவாமிநாதன் மிகுந்த வருத்தத்தோடு மறுத்தார். முகாமில் வயது வரம்பு இல்லை, படிப்பு வரம்பு இல்லை, மூணாறு பக்கத்திலிருந்து வந்தவர்களைக்கூட எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு விதிதான். சம்பந்தப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது.

"உங்கள் ஒருவரிடமிருந்துதானே ஐயா அந்த இரகசியத்தைக் காப்பாற்றுகிறோம். உங்களுக்கும் தெரிந்துவிட்டால் இத்தனை பேர் உழைப்பும் வீண்" என்றார்.

அதற்குள் கிளாவரை முழுக்க முகாமுக்குப் போய் வந்துவிட்டது. கண்டக்டர் ராஜமுருகன் சீட்டு கிழிக்கும் பையிலேயே பேட்ஜ் குத்தியிருந்தார். ஊரில் ஆளாளுக்கு நல்லசாமியை இரக்கத்தோடு பார்த்தார்கள், ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், வேலப்பர் ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். பக்கத்து வீட்டில் உப்பு இல்லை என்ற விஷயத்தையே அரைமணி வைத்திருக்கத் தெரியாத ஊர், முதல் தடவையாக ஒரு இரகசியத்தைக் கட்டிக்காத்தது.

அன்னக்கொடிக்கும் விஷயம் எட்டியது. ஊருக்கே தெரிந்த பிறகு இந்த மனிதருக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா என்றுதானே எவளும் நினைப்பாள். தெரிந்தும் வாய் திறக்காமல் பூண்டுக்கு மருந்தடிக்கிறார் என்றால் அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்பது? அன்று சாயந்தரம் துணிமணியை எடுத்து ஒரு பையில் அடுக்கினாள்.

"மணி, நாளைக்கு மூடுபனியில ஆண்டு விழாவாம், வெள்ளனே வரச் சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சதும் நான் அப்படியே மக வீட்டுக்கு வத்தலக்குண்டு போறேன். இனிமே இங்க எனக்குச் சோலி இல்ல. உன்னையும் சேர்த்துக்கிட்டுப் போவேன், பஸ்ல ஏத்த மாட்டாங்க" என்றாள்.

நாய் ஊளையிட்டது. நல்லசாமிக்கும் அப்படித்தான் வந்தது, அடக்கிக்கொண்டார். ஒரு பதில் தெரியாததற்காகப் பெண்டாட்டியை இழக்கப்போகிறோம், அந்தப் பதிலோ ஊரில் கிழவன் முதல் கைப்பிள்ளை வரை எல்லோரிடமும் இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவருக்கு ஆற்றாமையாக வந்தது.

ஆண்டு விழாவுக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். அன்றைக்கு ஒருநாள் குல்லாவை நேராகப் போட்டுக்கொள்ள அனுமதித்திருந்தார்கள். அன்னக்கொடி பையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பேட்ஜ் இல்லாததால் நல்லசாமியை உள்ளே விட மறுத்தார்கள். சுபஸ்ரீதான் கையைப் பிடித்து அழைத்துவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எந்த நாற்காலியும் கேட்கவில்லை.

சுவாமிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இந்த ஆண்டு நாம் காத்த இரகசியங்களிலேயே தலைசிறந்த ஒன்றுக்கு இன்று கேடயம் வழங்குகிறோம். யாருடைய இரகசியம் என்று நான் சொல்ல மாட்டேன். என் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன். ஊரையும் சொல்ல மாட்டேன். பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி, அதற்கு மேல் வழியில்லாமல் பஸ் திரும்பி நிற்கிற ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த அம்மையார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார். பச்சைச் சால்வை, மடியில் பை. தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அது நாகரிகம் இல்லை."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"அவர் கணவர் பூண்டு விவசாயி. பெயர் வேண்டாம். நல்ல என்று தொடங்கும், சாமி என்று முடியும். மகள் கல்யாண வீட்டில் சம்பந்தி வந்து, மதினி எங்கே என்று அன்போடு கேட்டிருக்கிறார். அதற்கு இந்த மனிதர் சொன்ன பதிலை அம்மையார் கதவுக்குப் பின்னால் நின்று தன் காதால் கேட்டிருக்கிறார். 'அது அந்த மூலையில கெடக்கு. வத்திப் போச்சு, இனி விலை போகாது. வேணும்னா நீங்க தூக்கிட்டுப் போங்க' என்றாராம். கட்டிய மனைவியைப் பற்றி! இந்தக் கொடுமையை நாம் இத்தனை பேர் அறிந்திருந்தும், அந்தக் கணவரின் காதுக்கு மட்டும் ஒரு எழுத்துகூடப் போகாமல் காத்தோமே, அதுதான் மூடுபனி."

கைதட்டல் அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அது அடங்கியபோது கடைசி வரிசையில் நல்லசாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அது பூண்டு மூட்டைய்யா" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அன்னக்கொடி இருந்த இடத்துக்கு வந்தார். அன்றைக்குச் சம்பந்தி ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டார், காதைப் பிளக்கிற மேளச் சத்தம் வேறு. மதினி எங்கே, பூண்டு மூட்டை எங்கே என்று கேட்டார். சீராகக் கொண்டுபோன மூட்டை மழையில் நனைந்து, காய்ந்து, வற்றிப்போய்க் கிடந்தது. அந்த வெட்கத்தில்தான், அது மூலையில் கிடக்கிறது என்று சொன்னார். இதையெல்லாம் அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"உன்னையப் போயி அப்படிச் சொல்லுவனா அன்னம்? மூட்டையச் சொன்னேன்."

பெண்கள் பக்கம் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இப்ராம்சா பெருமூச்சு விட்டு பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார்.

மேடையில் சுவாமிநாதன் வெளுத்துப்போய் நின்றார். இரகசியம் வெளியானது பற்றி அவருக்குக் கவலை இல்லை, அதை அவரேதான் வெளியிட்டார். அது பொய்யாகப் போனதுதான் இடி. கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"அமைதி. நாம் இதுவரை காத்த இரகசியம் உண்மை இல்லை என்று இப்போது தெரியவந்திருக்கிறது. மையத்தின் கௌரவத்தை முன்னிட்டு, அது உண்மை இல்லை என்பது இந்த நிமிஷம் முதல் இரகசியமாக்கப்படுகிறது. எல்லோரும் வலது கையை உயர்த்துங்கள். ஐயா, நீங்களும்தான். இப்போது உங்களுக்கு முழுத் தகுதி வந்துவிட்டது."

மண்டபம் கையை உயர்த்தியது. பொன்னுவேல் உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தார், ஊரே கேட்டது. அந்தச் சந்தடியில் அன்னக்கொடி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நல்லசாமி பின்னாலேயே ஓடினார். வத்தலக்குண்டு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்க் கிளாவரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அவருக்கு உயிர் வந்தது. பக்கத்தில் இடம் விட்டிருந்தாள், அதில் பாதியில் உட்கார்ந்தார்.

பூம்பாறை வரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தி ரெண்டு கேள்வி கேட்டாருங்கிறீங்க. மூட்டை எங்கன்னதுக்குப் பதில் சொன்னீங்க. மதினி எங்கன்னாரே, அதுக்கு என்ன சொன்னீங்க?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. நல்லசாமி யோசித்தார். எவ்வளவு யோசித்தாலும் அதற்கு அவர் பதில் சொன்ன ஞாபகம் இல்லை. சொல்லவில்லை. மூட்டை நினைப்பிலேயே இருந்துவிட்டார். இதை எந்த மேளத்தின் மேலும் போட முடியாது.

"கேள்விய நான் காதுலயே வாங்கலம்மா" என்றார் மெதுவாக.

அவ்வளவுதான், அன்னக்கொடி பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாளில் தொடங்கி, அவர் கண்ணில் படாமல் அவள் செய்த ஒவ்வொரு வேலையையும் எடுத்து வைத்தாள். பஸ் வளைந்து வளைந்து ஏறியது, அவள் நிறுத்தவில்லை. ராஜமுருகன் சீட்டு கேட்க வந்து, நிலவரத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார். நல்லசாமி ஒவ்வொரு திட்டையும் ஆசையாக வாங்கிக்கொண்டார். மன்னவனூர் தாண்டியதும் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளில் தோன்றியிருக்க வேண்டியது.

"கதவுக்குப் பின்னால நின்னியாமே. பந்தி எல்லாம் முடிஞ்ச நேரம்ல அது? நீ அன்னைக்குச் சாப்பிட்டியா?"

அன்னக்கொடி, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதை அவள் சிவப்பு நாற்காலியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.